அந்த வால்பேப்பர்ல என்ன தப்பு?



இந்தப் படத்தை நீங்க எங்கேயாவது கண்டிப்பா பார்த்திருப்பீங்க. பச்சைப் பசேல்னு புல்வெளி. கார்ப்பெட் விரிச்ச மாதிரி ஒரே உயரத்துல புல். தூரத்துல வெள்ளை மரவேலி, சிவப்புக் கூரை போட்ட குதிரை லாயம். நடுவுல வளைஞ்சு வளைஞ்சு ஓடுற ஒரு சின்ன ஓடை. அதுல முன்னங்கால் ரெண்டையும் விட்டுக்கிட்டு, கழுத்தைத் தாழ்த்தித் தண்ணி குடிக்கிற ஒரு பழுப்புக் குதிரை.

எங்க ஹாஸ்டல்ல ரூம்மேட்டோட லேப்டாப்பைத் திறந்தா இதுதான் வரும். "வேலைக்குப் போய் நல்லா சம்பாதிச்சு, ரிட்டயர் ஆனதும் இப்படி ஒரு பண்ணையில செட்டில் ஆயிடணும் மச்சி!" என்பான். ரெண்டு அரியர் இன்னும் பாக்கி. அதுக்குள்ள ரிட்டயர்மென்ட் பிளான்!

நானும் அந்தப் படத்துக்கு ரசிகனாத்தான் இருந்தேன். சிவில் இன்ஜினீயரிங்ல சுற்றுச்சூழல் பேப்பருக்கு 'பண்ணையிலிருந்து ஓடைக்கு வரும் மாசு'ன்னு செமினார் எடுக்கச் சொன்னாங்க. அதுக்காகத் தேடித் தேடிப் படிச்சிட்டு, ஒரு ராத்திரி நிமிர்ந்து அந்த வால்பேப்பரைப் பார்த்தேன். அட! பத்திரிகையில 'ஆறு வித்தியாசம்' கண்டுபிடிப்போமே, அந்த மாதிரி இதுல அஞ்சு தப்பு இருக்கு!

வாங்க, சேர்ந்தே கண்டுபிடிப்போம்.

அதுக்கு முன்னாடி... எந்த ஊரு?

என் ரூம்மேட் படம் எங்கே எடுத்ததுன்னு அவனுக்கே தெரியாது. ஆனா, இந்தக் காட்சி நிஜமாவே இருக்கிற ஒரு ஊரைச் சொல்றேன். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலம், ஃபிலடெல்ஃபியா நகரத்துக்கு மேற்கே செஸ்டர் கவுன்ட்டி. கவுன்ட்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி. மேடும் பள்ளமுமான நிலம், எங்கே பார்த்தாலும் குதிரைப் பண்ணைகள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பெரிய கால்நடைகளுக்கான மருத்துவமனை, 'நியூ போல்ட்டன் சென்டர்', இங்கே கென்னட் ஸ்கொயர் ஊர்ப் பக்கத்தில்தான் இருக்கு.

இந்தச் சரிவுகளில் பிறக்கிற சின்னச் சின்ன ஓடைகளில் நிறைய, பிராண்டிவைன், ஒயிட் க்ளே என்ற ரெண்டு ஆறுகளில் போய்ச் சேருது. ரெண்டும் பக்கத்து மாநிலமான டெலவேருக்குள் நுழையுது. வில்மிங்டன் நகரம் குடிக்கிறது பிராண்டிவைன் தண்ணி. சுத்திகரிச்சுத்தான் கொடுக்கிறாங்க. ஆனா, மேலே அழுக்கு ஏற ஏற, கீழே சுத்திகரிக்கிற செலவும் ஏறும்.

ஆக, மேட்டர் இதுதான். குதிரைக்காரர் இருக்கிறது ஒரு மாநிலத்துல. அவர் பண்ணை ஓடையைக் குடிக்கிறவங்க இருக்கிறது இன்னொரு மாநிலத்துல. இவங்க அவரைப் பார்த்ததே இல்லை. இதை மனசுல வெச்சுக்கிட்டு படத்துக்குள்ள போகலாம்.

தப்பு 1: குதிரை ஓடைக்குள்ள நிக்குது

'குதிரை தண்ணி குடிக்கக் கூடாதா பாஸ்?'னு கேக்காதீங்க. தாராளமா குடிக்கட்டும். 450 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு நாளைக்கு 20 முதல் 40 லிட்டர் தண்ணி வேணும். பிரச்னை வாயில இல்லை, காலில்!

அந்த எடை முழுக்க நாலு குளம்புல இறங்குது. தினமும் கரையில ஏறி இறங்கினா, கரை உடைஞ்சு மண் சரியும். அந்த வண்டல் ஓடையோட அடியில இருக்கிற கூழாங்கல் இடுக்கை எல்லாம் அடைச்சிடும். மீன் முட்டை போடுறதும், பூச்சிகள் குடியிருக்கிறதும் அந்த இடுக்குலதான். போதாததுக்கு, மண் துகளோட பாஸ்பரஸ் ஒட்டிக்கிட்டு வரும். அது பாசிக்குச் சாப்பாடு. நிக்கிற இடத்துலயே குதிரை லத்தி போட்டா, அதுல இருக்கிற கிருமிகளும் நேரே தண்ணிக்குள்ளேதான்.

தீர்வு ரொம்ப சிம்பிள். கரையிலிருந்து தள்ளி ஒரு வேலி. தண்ணிக்குத் தொட்டி. குதிரை அந்தப் பக்கம் போகணும்னா, அடியில ஜியோடெக்ஸ்டைல் துணி விரிச்சு, மேலே சரளைக்கல் கொட்டி, ஒரே ஒரு இடத்துல கடவுப் பாதை. நாம ரோடு போடும்போது படிக்கிற அதே டெக்னிக்தான்!

இதுல குதிரைக்கும் லாபம் உண்டு. சேத்துலயே நிக்கிற குதிரைக்குக் குளம்பு அழுகல் வரும், கணுக்கால் தோலில் புண் வரும். காலில் நோவு வந்த குதிரைக்கு வைத்தியச் செலவு எவ்வளவு ஆகும்னு குதிரைக்காரங்களைக் கேளுங்க, கதை கதையா சொல்லுவாங்க.

தப்பு 2: கரையில ஒரு மரம்கூட இல்லை

படத்துக்கு அழகே அந்தத் திறந்த வெளிதான்னு நினைச்சிருந்தேன். ஓடைக்கு அதுதான் ஆபத்து.

இதே செஸ்டர் கவுன்ட்டியில், ஒயிட் க்ளே ஆற்றின் ஒரு கிளைக் கரையில், 1967-ல் ஆரம்பிச்ச 'ஸ்ட்ரவுட் நீர் ஆராய்ச்சி மையம்' இருக்கு. அதை உருவாக்கியதில் ரூத் பாட்ரிக் என்ற பெண் விஞ்ஞானிக்குப் பெரிய பங்கு. 1907-ல் பிறந்து 2013 வரை, 105 வயசு வாழ்ந்தவர். ஓடையின் ஆரோக்கியத்தைத் தெரிஞ்சுக்க ரசாயனத்தை மட்டும் அளந்தா போதாது, அதுல எத்தனை வகை உயிர்கள் வாழுதுன்னு பார்க்கணும்னு உலகத்துக்குப் புரிய வெச்சவர்.

அந்த மையத்தின் விஞ்ஞானிகள் 16 ஓடைகளை அளந்து 2004-ல் ஒரு முடிவு சொன்னாங்க. கரையில் காடு இருந்தா ஓடை அகலமா இருக்கு. காட்டை வெட்டிப் புல்லா ஆக்கினா ஓடை குறுகிப் போகுது! எப்படி? வெயில் படுற கரையில புல் அடர்த்தியா மண்டி, மண்ணைப் பிடிச்சு வெச்சு, ரெண்டு பக்கமும் ஓடைக்குள்ளேயே வளருது. அகலம் குறைஞ்சா அடித்தரை குறையும். அடித்தரையில ஒட்டிக்கிட்டிருக்கிற நுண்ணுயிர்கள்தான் தண்ணியில வர்ற மாசைச் சாப்பிட்டுச் சுத்தம் பண்ணுது. அதாவது, மரம் போனா ஓடை தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்கிற சக்தியும் கூடவே போயிடும்.

இன்னும் இருக்கு. அந்தச் சின்ன ஓடைகளில் வாழுற பூச்சிகளுக்குச் சாப்பாடே உதிர்ந்து விழுற இலைகள்தான். பென்சில்வேனியாவின் மாநில மீன் 'ப்ரூக் ட்ரவுட்'. அதுக்கு ஜில்லுன்னு தண்ணி வேணும். தண்ணி 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே தவிக்க ஆரம்பிச்சிடும். நிழலுக்கு மரம் வேணாமா?

எவ்வளவு அகலத்துக்கு மரம் இருந்தா போதும்? பல ஆய்வுகளை ஒண்ணா வெச்சுப் பார்த்து, ஒவ்வொரு கரையிலும் குறைஞ்சது 30 மீட்டர்னு 2014-ல் அதே மையத்துக்காரங்க எழுதினாங்க. 30 மீட்டர்னா நூறு அடி. பண்ணைக்காரருக்கு நெஞ்சு வலி வராம இருக்குமா! அதைக் கடைசியில பேசுவோம்.

மரம் நடறதுலயும் குதிரைக்காரருக்கு ஒரு ஸ்பெஷல் தலைவலி. சிவப்பு மேப்பிள் மரத்தோட வாடின இலையைத் தின்னா குதிரையோட ரத்தச் சிவப்பணுக்கள் சிதைஞ்சு உயிரே போகலாம். கறுப்பு வால்நட் மரத்தூளை லாயத்துல பரப்பினாலே குளம்புக்குள்ள வீக்கம் வரும். ஆக, இந்த மாதிரி மரங்களை வேலிக்குப் பக்கத்துல நடக்கூடாது. 'மரம் நடுவோம்'னு போஸ்டர் அடிக்கிறது ஈஸி. எந்த மரத்தை எங்கே நடுறதுன்னு யோசிக்கிறதுதான் வேலை.

தப்பு 3: புல் ரொம்ப ஷார்ட்டா இருக்கு

கார்ப்பெட் மாதிரி புல்லுன்னு சொன்னேனே... அது ஆரோக்கியம் இல்லை, பட்டினி!

மாட்டுக்கு மேல்தாடையில முன்பல் கிடையாது. நாக்கால சுத்திப் பிடிச்சு இழுத்துத்தான் மேயும். குதிரைக்கு மேலேயும் கீழேயும் முன்பல் உண்டு. சலூன் கடை மெஷின் மாதிரி, ஒட்ட வெட்டிடும். இலை போனா புல்லுக்குச் சாப்பாடு தயாரிக்கிற இடமே போச்சு. வேரும் சுருங்கும். வேர் சுருங்கினா மழைத் தண்ணி மண்ணுக்குள்ள இறங்காது, மேலோட்டமா ஓடி, மண்ணையும் லத்தியையும் வாரிக்கிட்டு நேரா ஓடைக்குப் போயிடும்.

அங்கே சொல்ற கணக்கு இது: புல் 6 முதல் 8 அங்குலம் வளர்ந்ததும் குதிரையை விடு. 3, 4 அங்குலத்துக்கு வந்ததும் வெளியே கூட்டிட்டு வா. பாதியை எடு, பாதியை விடு. மேய்ச்சல் நிலத்தை நாலைஞ்சு துண்டாப் பிரிச்சு மாத்தி மாத்தி விட்டா, ஒவ்வொரு துண்டுக்கும் மூணு, நாலு வாரம் ரெஸ்ட் கிடைக்கும்.

சரி, எல்லாத் துண்டும் ரெஸ்ட்ல இருக்கும்போது? மழை பெய்து தரை சொதசொதன்னு இருக்கும்போது? அதுக்குத்தான் ஒரு சின்ன திடல். புல்லைப் பத்திக் கவலையே படாம, ஓடைக்கு ரொம்பத் தள்ளி, மேட்டுல, சரளை கொட்டி வெச்சிருப்பாங்க. இங்கிலீஷ்ல 'சாக்ரிஃபைஸ் லாட்'. நம்ம பாஷையில சொன்னா நேர்ந்து விட்ட இடம்! அந்த ஒரு இடம் பலியானா, மத்த நிலம் முழுக்கப் பிழைச்சுக்கும்.

தப்பு 4: லத்தி எங்கே?

படத்துல அது இல்லவே இல்லை பாருங்க. போட்டோகிராஃபர் உஷார்! (போலீஸ் லத்தியைச் சொல்லலை, குதிரை லத்தியைச் சொல்றேன்.)

ஒரு குதிரை, லத்தியும் மூத்திரமுமா ஒரு நாளைக்கு சுமார் 23 கிலோ கழிக்குது. பத்துக் குதிரைன்னா 230 கிலோ. வருஷத்துக்கு 84 டன்! லாயத்துல பரப்பின வைக்கோல், மரத்தூள் எல்லாம் தனிக் கணக்கு.

இது ஓடைக்குள்ள போனா என்ன ஆகும்னு எங்க லேப்ல தினமும் பார்க்கிறோம். பி.ஓ.டி. டெஸ்ட். அழுக்குத் தண்ணியை பாட்டில்ல அடைச்சு, 20 டிகிரியில அஞ்சு நாள் இருட்டுல வெச்சுட்டு, எவ்வளவு ஆக்சிஜன் காலியாச்சுன்னு அளப்போம். அழுக்கைத் தின்கிற பாக்டீரியாக்கள் பாட்டில்ல இருக்கிற ஆக்சிஜனைக் குடிச்சுத் தீர்த்திருக்கும். எங்களுக்கு அது ரெக்கார்டு நோட்டுல ஒரு நம்பர். ஓடையில அதே பாட்டிலுக்குள்ள மீன் இருக்கு.

ஆனா, அதே லத்தி இடம் மாறினா தங்கம். கூரை போட்ட, சிமென்ட் தரை போட்ட தொட்டியில குவிச்சு, அப்பப்போ கிளறி விட்டா கம்போஸ்ட். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிஞ்சா ஒண்ணு ரெண்டு சொட்டு வரணும், அதுதான் சரியான ஈரம். குவியலுக்குள்ள சூடு 55 டிகிரிக்கு மேலே போய் சில நாள் நிக்கணும். கிளறும்போது வெளியில இருக்கிறது உள்ளே போய் அந்தச் சூட்டைப் பார்க்கணும். அப்பத்தான் குடல்புழு முட்டையும் களை விதையும் சாகும். மரத்தூள் அதிகமா இருந்தா கார்பன் கூடிப்போய் சீக்கிரம் மட்காது. அதனால, அள்ளும்போதே தூளைக் குறைக்கப் பழகணும்.

செஸ்டர் கவுன்ட்டியில இன்னொரு சூப்பர் வழியும் உண்டு. கென்னட் ஸ்கொயர் காளானுக்குப் பேர்போன ஊர். அமெரிக்காவில் விளையுற காளானில் பாதிக்கு மேல் பென்சில்வேனியாவில் இருந்துதான் வருது. அந்தக் காளான் வளர்க்கிற உரத்துக்கு, குதிரை லாயத்து வைக்கோலும் லத்தியும் ஒரு முக்கியமான மூலப்பொருள். லாயத்துல குப்பை, பக்கத்து ஊர்ல பீட்ஸா டாப்பிங்!

சட்டமும் சும்மா விடலை. பென்சில்வேனியாவில் எருவை நிலத்துல போடுற பண்ணை எவ்வளவு சின்னதா இருந்தாலும், அதை என்ன செய்யப் போறோம்னு எழுத்துல ஒரு திட்டம் வெச்சிருக்கணும். ஓடையிலிருந்து 100 அடிக்குள்ள எருவைப் பரப்பக் கூடாது. கரையில 35 அடிக்குச் செடிகொடி அரண் இருந்தா மட்டும் சலுகை.

தப்பு 5: அந்தச் சிவப்புக் கூரை

இதை நானே கடைசியிலதான் கண்டுபிடிச்சேன். சிவில் ஸ்டூடன்ட்டா இருந்துக்கிட்டு வெட்கக்கேடு! கூரை அழகா இருக்கு. ஆனா, பீலி இல்லை.

கணக்குப் போடுவோமா? 20 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம்னு ஒரு லாயம். கூரை பரப்பு 240 சதுர மீட்டர். 25 மி.மீ. மழை பெய்தா 6,000 லிட்டர், அரை டேங்கர் லாரி தண்ணி. அந்தப் பக்கத்துல வருஷத்துக்கு ஏறக்குறைய 1,200 மி.மீ. மழை. அப்போ வருஷத்துக்கு 2,88,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில 24 லோடு! அத்தனையும் லாயத்து வாசல்ல கொட்டி, லத்தியைக் கரைச்சுக்கிட்டு, சரிவுல இறங்கி, எங்கே போகும்? ஓடைக்குத்தான்.

ஒரு பீலி, ரெண்டு குழாய். தண்ணியைச் சுத்தமா இருக்கும்போதே பிடிச்சு, லாயத்தைத் தாண்டிப் புல்வெளியில விட்டா முடிஞ்சது. இருக்கிறதிலேயே செலவு கம்மியான வேலை இதுதான். சுத்தமான தண்ணியை அழுக்காக்காம இருந்தா, அழுக்குத் தண்ணியைச் சுத்தம் பண்ற வேலையே மிச்சம்.

எல்லாம் சரி, ஒரு சிக்கல்

அஞ்சு தப்பையும் சரி பண்ணிட்டா எல்லாம் சுபமா? இல்லை பாஸ். செமினார்ல கடைசி பெஞ்ச்லேருந்து ஒருத்தன் கேட்டான்: "ஓடை சுத்தமானா குதிரைக்காரனுக்கு என்னடா லாபம்?" நியாயமான கேள்வி. மடக்கிட்டான்.

யோசிச்சுப் பாருங்க. வேலிச் செலவு இவருக்கு. இழக்கிற மேய்ச்சல் நிலம் இவருக்கு. நட்ட கன்னுகளை மான் தின்னாம இருக்க ஒவ்வொண்ணுக்கும் பிளாஸ்டிக் குழாய் மாட்டணும், சில வருஷத்துக்குப் பார்க்கவே கல்லறைத் தோட்டம் மாதிரி இருக்கும். நல்ல தண்ணி கிடைக்கிறதோ கீழே இருக்கிற வில்மிங்டன்காரருக்கு!

இன்னொரு நிஜமான பயமும் இருக்கு. 1979-ல் மேரிலாந்தில் பொடோமாக் ஆற்றுப் பக்கம் கண்டுபிடிச்ச 'பொடோமாக் குதிரைக் காய்ச்சல்'. தண்ணியில பிறக்கிற மேஃப்ளை மாதிரியான பூச்சிகள் வழியா வருது. நம்ம ஊர் ஈசல் மாதிரி, விளக்கு வெளிச்சத்துக்கு வந்து, தீவனத்துல விழுந்து செத்துக் கிடக்கும். அதைத் தெரியாம தின்ற குதிரைக்கு நோய். ஆனா, அதே மேஃப்ளை இருந்தாத்தான் ஓடை நல்லா இருக்குன்னு அர்த்தம்! அதுக்காகப் பூச்சியை ஒழிக்கக் கிளம்பலை. ராத்திரி லாயத்து விளக்கை அணைங்க, தீவனத்தை மூடி வைங்கன்னு சொல்றாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுதான். ஓடையை மாத்தாதே, உன் பழக்கத்தை மாத்திக்கோ!

சரி, கடைசி பெஞ்ச் கேள்விக்குப் பதில்? பாதிப் பதில் அந்த ஊர்லயே இருக்கு. 1967-ல், பிராண்டிவைன் கரையில் தொழிற்சாலைகள் வரப்போகுதுன்னு தெரிஞ்சு உள்ளூர்க்காரங்க சேர்ந்து 'பிராண்டிவைன் கன்சர்வன்ஸி'ன்னு ஒரு அமைப்பை ஆரம்பிச்சாங்க. அவங்க கையாண்ட வழி: நிலம் உங்களோடதே. குதிரை வளர்த்துக்கோங்க, விவசாயம் பண்ணிக்கோங்க, வித்துக்கக்கூடச் செய்யுங்க. ஆனா, பிளாட் போட்டு விக்கிற உரிமையை மட்டும் நிரந்தரமா விட்டுக் கொடுத்துடுங்க. எழுதிக் கொடுத்துட்டா, அடுத்து வாங்குறவரையும் அது கட்டுப்படுத்தும். அப்படி விட்டுக் கொடுத்தா வரிச் சலுகையும் கிடைக்கலாம். 1984-ல் ஒரு பெரிய கால்நடைப் பண்ணையின் 5,000 ஏக்கருக்கு மேலான நிலத்தை இப்படிக் காப்பாத்தினாங்க. 2000-ல் ஒயிட் க்ளே, கிளை ஓடைகளோட மொத்தமா அமெரிக்க அரசின் பாதுகாக்கப்பட்ட ஆறுகள் பட்டியலில் சேர்ந்தது. ஏதோ ஒரு பகுதி மட்டும் இல்லாம, முழு வடிநிலத்துக்கும் அந்த அந்தஸ்து கிடைச்சது அதுதான் முதல் தடவை.

மீதிப் பாதிக்கு என்கிட்ட ரெடிமேட் பதில் இல்லை. தினமும் காலையில லத்தி அள்ளுறதுக்கும், மழை விட்டதும் குதிரையைப் புல்வெளிக்கு அவிழ்த்து விடாம திடல்லயே நிறுத்தி வைக்கிறதுக்கும் யாரும் சம்பளம் கொடுக்கப் போறதில்லை. முகம் தெரியாத ஒருத்தருக்காகச் செய்யுற வேலை அது. செமினார்ல இதைச் சொன்னப்போ கடைசி பெஞ்ச் சைலன்ட் ஆயிடுச்சு. ஒத்துக்கிட்டாங்களா, தூங்கிட்டாங்களான்னு தெரியலை!

அப்புறம், அந்த வால்பேப்பர்?

ரூம்மேட்கிட்ட அஞ்சு தப்பையும் சொன்னேன். முறைச்சான். "சரி, சரியான பண்ணைப் படம் ஒண்ணு காட்டு"ன்னான். தேடி எடுத்துக் காட்டினேன். முழங்கால் உயரத்துக்குப் புல். ஒரு ஓரமா சரளைத் திடல்ல ரெண்டு குதிரை. நடுவுல வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் தாறுமாறா வளர்ந்த மரமும் புதருமா ஒரு பச்சைக் கோடு.

"ஓடையே தெரியலையேடா!"

"மரத்துக்குள்ள இருக்கு."

கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே இருந்தான். வால்பேப்பரை மாத்தலை. ஆனா, அன்னைக்கு ராத்திரி பேனாவும் பேப்பரும் எடுத்து, தன்னோட ரிட்டயர்மென்ட் பண்ணைக்குப் பிளான் வரைஞ்சான். எட்டிப் பார்த்தேன். ஓடைக்கு ரெண்டு பக்கமும் நூறு அடி விட்டு வேலி போட்டிருந்தான்.

லாயத்துக்குப் பீலி வரைய மட்டும் மறந்துட்டான். நான் சொல்லலை. அவனே கண்டுபிடிக்கட்டும்!